யாழ்ப்பாணத்து மிஷனும் ஐரோப்பியத் திருச்சபையின் எதிர்காலமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஐரோப்பாவிலே கிறித்தவம் தேய்ந்து வருகின்றது என்ற செய்தியை யாழ்ப்பாணத்தில் இரு சாரார் மகிழ்ச்சியோடு எடுத்துரைப்பதுண்டு. ஒரு சாரார் சைவ அபிமானிகள். நாவலர் தொடங்கிய போர் ஈற்றில் மிஷனரிமாரின் தாய்நாடுகளிலேயே வெல்லப்பட்டுவிட்டது என்பது அவர்தம் பெருமிதம். மற்றைய சாரார் நம்மவர், மார்க்சியம் பயின்றோர். விஞ்ஞானமும் கைத்தொழிலும் வளருமிடத்துச் சமயம் தானாகவே உலர்ந்து உதிரும் என்ற சூத்திரம் நிரூபணமாகிவிட்டதென இவர்கள் அமைதி கொள்கின்றனர். இரு முடிபுகளும் அவசரப்பட்டவை என்பதே எமது கருத்து. ஐரோப்பியத் தேவாலயங்கள் வெறுமையானமைக்குக் காரணம் காண ஐரோப்பா வரை செல்லவேண்டியதில்லை. வட்டுக்கோட்டை வரை சென்றாற் போதும்.

முதலில் அங்குள்ள நிலைமையைச் சுருக்கமாக நோக்குவோம். 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது இங்கிலாந்திலும் வேல்சிலும் தம்மைக் கிறித்தவர் எனக் குறித்தோர் நூற்றுக்கு 59.3 பேர். 2021இல் அது 46.2 ஆகக் குறைந்தது. மதம் எதுவும் இல்லை என்றோர் 37.2 பேர். ஜேர்மனியிலே கத்தோலிக்கத் திருச்சபையினரையும் புரட்டஸ்தாந்துத் திருச்சபையினரையும் ஒருங்கே கூட்டினாலும் சனத்தொகையிற் பாதியை எட்டாத நிலை 2022இல் ஏற்பட்டது. பிரான்ஸ் 1905லேயே அரசையும் திருச்சபையையும் சட்டத்தாற் பிரித்தது. சுவீடனில் அப்பிரிவினை 2000ஆம் ஆண்டிலேதான் நிகழ்ந்தது. சட்டம் முந்திய நாட்டிலும் பிந்திய நாட்டிலும் ஞாயிற்றுக்கிழமை வாங்குகள் காலியாகவே கிடக்கின்றன. எனவே காரணத்தைச் சட்டத்திலே தேடுவது பயனற்றது.

நம்பிக்கை குன்றியதே காரணம் என்பர் சமயவாதிகள். அறிவு வளர்ந்ததே காரணம் என்பர் பகுத்தறிவாளர். இருவர் கூற்றுக்கும் அடிப்படை ஒன்றே: சமயம் என்பது மனிதரின் தலைக்குள் இருக்கும் ஒரு கருத்துத் தொகுதி என்று இருவருமே கொள்கின்றனர். ஆனால் ஐரோப்பாவிலே திருச்சபை வெறுங் கருத்துத் தொகுதியாக ஒருபோதும் இருந்ததில்லை. பிறப்பைப் பதிந்தது அது. திருமணத்தைச் செல்லுபடியாக்கியது அது. இறந்தவரைப் புதைப்பதற்கு நிலம் வைத்திருந்தது அது. எழுத்தறிவித்ததும் ஏழைக்குக் கஞ்சி வார்த்ததும் நோயாளிக்குக் கட்டில் கொடுத்ததும் அதுவே. இப்பணிகள் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் ஒவ்வொன்றாக அரசின் கைக்கு மாறின. இங்கிலாந்தில் 1837இல் தொடங்கிய அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு, 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 1948இல் வந்த தேசிய சுகாதார சேவை ஆகியன இம்மாற்றத்தின் மைல்கற்கள். பணி போயிற்று, கட்டடம் நின்றது. உலகியல்மயமாதல் என நாம் இங்கு வழங்குவது இந்நிகழ்ச்சிப் போக்கையே.

இன்னொன்றையும் இவ்விடத்திற் சொல்லிவிடலாம். ஐரோப்பியக் கைத்தொழில் நகரங்களின் தொழிலாளரிற் பெரும்பகுதியினர் திருச்சபையை விட்டு விலகினர் என்பதிலும் பார்க்க, அவர்கள் அதனுள் ஒருபோதும் வரவில்லை என்பதே பொருந்தும். 1851இல் இங்கிலாந்திலே வழிபாட்டுக்குச் சென்றோரைக் கணக்கெடுத்தபோது நகரத் தொழிலாளர் வராமை ஆளும் வர்க்கத்தினரைத் திகைக்க வைத்தது. நல்லூரிலும் பருத்தித்துறையிலும் ஆங்கில மிஷனரிமார் ஆன்மாக்களைத் தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர்களை அனுப்பிய சங்கங்களின் சொந்த நகரங்களிலேயே ஆலை வாசலுக்கும் ஆலய வாசலுக்கும் இடையிற் பாதை அற்றுப் போயிருந்தது.

பணி கைமாறும்போது திருச்சபைக்கு நேர்வது என்ன என்பதை யாழ்ப்பாணம் மூன்று முறை கண்டுள்ளது. ஐரோப்பாவிலே பரந்த நிலப்பரப்பிலும் நீண்ட காலத்திலும் சிதறிக் கிடப்பது இங்கே ஒரு சிறு குடாநாட்டுக்குள் அடங்கிக் கண்ணுக்குப் புலனாகின்றது. இதனாலேயே இவ்வரலாறு எமக்கு உதவுகின்றது.

முதலாவது ஒல்லாந்தர் காலத்து அனுபவம். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் கோயில்களைத் தமது சீர்திருத்தத் திருச்சபைக்கு உரியனவாக்கினர். கோயிற்பற்றுத் தோறும் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலே உபாத்தியாயர், உபாத்தியாயர் கையிலே தோம்பு. ஞானஸ்நானமும் விவாகமும் தோம்பிற் பதியப்பட்டன. பதிவில்லாதவன் முதுசச் சொத்துக்கு உரிமை கோருவது கடினம். உத்தியோகம் பெறுவது அதனினுங் கடினம். தேசவழமையை 1707இலே எழுத்தில் தொகுப்பித்ததும் இதே ஆட்சி என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். காணியும் சீதனமும் முதுசமுமே உயிர்நாடியாயிருந்த ஒரு சமுதாயத்தில், அவற்றின் திறவுகோல் பாதிரியாரின் ஏட்டில் இருந்தது. ஆகவே ஊரெல்லாம் பெயர் பதிந்தது. வீட்டினுள்ளே திருநீறும் வெளியிலே ஞானஸ்நானப் பெயருமாக ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கட்டாயம் நீங்கியது. சில ஆண்டுகளுள்ளே இத் தோம்புக் கிறித்தவர் கரைந்து போயினர். யாரும் அவர்களை மதம் மாற்றவில்லை. விவாதித்து வெல்லவும் இல்லை. ஏட்டின் பயன் போனதும் ஏட்டிலிருந்த சமயமும் போயிற்று. இதற்கு நேர்மாறாக, அதே ஒல்லாந்தராற் தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கம் நிலைத்தது. 1687இல் கோவையிலிருந்து மாறுவேடத்தில் வந்துசேர்ந்த யோசப் வாஸ் அடிகளின் துணிவு இதற்கு ஒரு காரணம். ஆயின் அதுவே முழுக் காரணமன்று. கரையோரச் சமூகங்களிற் கோயில் என்பது ஊரின் ஒழுங்கமைப்பாகவே ஆகியிருந்தது. கடலுக்குப் போகும் கூட்டும், திருவிழாவும், பிணக்குத் தீர்ப்பும் அதனைச் சுற்றியே நடந்தன. மேலிருந்து கொடுத்த பணி கைமாறக் கூடியது. கீழிருந்து மக்கள் தாமே ஏற்றிய பணி அவ்வளவு எளிதிற் கைமாறுவதில்லை. இவ்வேறுபாடு பின்னரும் எமக்கு வேண்டப்படும்.

இரண்டாவது அனுபவம் அமெரிக்க மிஷனுடையது. 1816இல் நியூ இங்கிலாந்திலிருந்து வந்தோரில் டானியல் பூவர் தெல்லிப்பழையிலும், மெய்க்ஸ், றிச்சாட்ஸ் ஆகியோர் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். அவர்களுக்கு அங்கே கிடைத்தது கூரையிழந்த பழைய தேவாலயம். அதாவது சற்றுமுன் நாம் கூறிய தோம்புக் கிறித்தவத்தின் எலும்புக்கூடு. அதனையே திருத்தி எடுத்தனர். இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துப் பேராலயமாக விளங்குகின்றது. (ஆதீனம் என்ற சைவச் சொல்லையே அவர்கள் தமதாக்கிக் கொண்டமை தனியே ஆராயத்தக்கது.) 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிற் பெண்கள் விடுதிப் பள்ளியும் தோன்றின. 1841இல் உதயதாரகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவரலாயிற்று. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே மருத்துவக் கல்வியைத் தொடங்கி அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் மாணவரைப் பயிற்றினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலாய நூல்கள் இம்முயற்சியின் பேறுகள். விஞ்ஞானத்தைத் தமிழிற் போதிக்கலாமா என்று நூறாண்டுக்குப் பின்னர் பல்கலைக்கழக மண்டபங்களில் நடந்த நீண்ட விவாதங்களை எண்ணும்போது, 1860களிலேயே அதனைச் செய்து காட்டிய கிறீனின் பெயர் அவ்விவாதங்களில் அரிதாகவே கேட்டது என்பது எமக்குச் சற்று வருத்தமளிப்பதே.

மிஷன் கொண்டுவந்த பொருள் இரண்டு: சுவிசேஷமும் பாடசாலையும். மிஷனரிமாருக்கு இரண்டாவது முதலாவதற்குக் கருவி. யாழ்ப்பாணத்து வெள்ளாளக் குடும்பங்களுக்கோ இரண்டாவதே பொருள். முதலாவது அதற்குச் செலுத்தவேண்டிய கட்டணம். காணி துண்டு துண்டாகப் பிரிந்து, பனையும் புகையிலையும் தோட்டப் பயிருமாக நெருங்கி வாழ்ந்த குடாநாட்டில், மிகையான ஆண்மக்களுக்கு வழி அரசாங்க உத்தியோகம். முதலில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும், பின்னர் மலாயாவிலும் எழுதுவினைஞரும் நில அளவையாளரும் புகையிரத நிலைய அதிபரும் தேவைப்பட்டனர். குடியேற்ற ஆட்சியின் நிருவாக இயந்திரத்துக்கு வேண்டிய மனிதரை மிஷன் பாடசாலை உருவாக்கிக் கொடுத்தது. இதிற் புதுமை ஒன்றுமில்லை. நம்மவர் பலரும் எழுதியுள்ளதே. நாம் வற்புறுத்த விரும்புவது வேறு.

1829இல் ஒரு சந்திர கிரகணம் பற்றி மிஷனரிமாருக்கும் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்க கணிதருக்கும் இடையே விவாதம் எழுந்தது. பூவர் தம் கணிப்பை வெளியிட்டார். கிரகணமும் அவர் கூறியவாறே நிகழ்ந்தது. மிஷன் வரலாறுகளில் இது பெருவெற்றியாகப் பேசப்படும். ஆயின் இதன் உட்பொருள் என்ன? பஞ்சாங்கத்தை வெல்வதற்கு மிஷனரிமார் எடுத்த ஆயுதம் வேதாகமம் அன்று, வானசாத்திரம். புராணம் பொய் என்பதற்கு அவர் காட்டிய அளவுகோல் நியூற்றனின் அளவுகோல். அவ்வளவுகோலைக் கையில் வாங்கிக்கொண்ட மாணவன் அதை யோசுவாவின் ஆகமத்துக்கும் வைத்துப் பார்ப்பான் என்பதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஐரோப்பாவிலே அதே தலைமுறையினர் அதே அளவுகோலால் வேதாகமத்தை அளக்கத் தொடங்கியிருந்தனர். உலகியல்மயமாதல் மிஷனுக்கு வெளியேயிருந்து வந்த பகை அன்று. மிஷனே அதனைத் தன் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து இறக்கியது.

விளைவு விரைவில் தெரிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் செமினரி மாணவர். தாமோதரம்பிள்ளை பிற்காலத்திற் சைவராக நின்று வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். மிஷன் புகட்டிய ஒழுங்கும் அச்சுப் பயிற்சியும் சங்க இலக்கியத்தை மீட்க உதவின. திருச்சபைக்கு அவரால் ஓர் அங்கத்தவரும் மிஞ்சவில்லை.

இதனை உடனே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. பொஸ்ரனிலிருந்த அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் 1855இல் யாழ்ப்பாணம் வந்தார். அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கே ஆட்களை உண்டாக்குகிறது, ஊர்ச் சபைகளுக்குப் போதகரை உண்டாக்கவில்லை என்பது அவர்தம் முடிபு. தன்னைத் தானே ஆளும், தன்னைத் தானே தாங்கும், தன்னைத் தானே பரப்பும் சுதேசத் திருச்சபையே மிஷனின் நோக்கமாதல் வேண்டும் என்றார். அண்டர்சனை யாழ்ப்பாணத்து வரலாற்றாசிரியர் பொதுவாகக் கடிந்தே எழுதுவர். எமக்கோ அவர்மீது ஒருவகை மதிப்புண்டு. நோயை அவர் சரியாகக் கண்டார்: பணி செய்தியை விழுங்கிவிட்டது. மருந்திலேதான் தவறினார். பணியை வெட்டினாற் செய்தி தழைக்கும் என்று எண்ணினார், அது தழைக்கவில்லை. ஆங்கிலக் கல்விக்கான வேட்கை தணியாது நின்றது; பழைய மாணவரும் ஊரவரும் வற்புறுத்தி முயன்றதன் பயனாக 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பாடசாலையின்றி மிஷன் நிற்கவியலாது என்பதை யாழ்ப்பாணம் பொஸ்ரனுக்குக் கற்பித்தது.

நாவலர் இதனைப் பொஸ்ரனிலும் முன்பே கற்றுக்கொண்டார். பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அச்சுக்கூடம் அமைத்து, பிரசங்கம் செய்து, பாலபாடமும் வினாவிடையும் எழுதினார். வடிவங்கள் யாவும் மிஷனிடமிருந்து வந்தவை, உள்ளடக்கம் சைவசித்தாந்தம். இவரைத் தேசிய எழுச்சியின் முன்னோடியாக நம்மவர் சிலர் 1970களில் மதிப்பிட்டனர். அதிற் பேருண்மை உண்டு. ஆயினும் அவர் சைவத்தைக் கோயில் வீதியிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தார் என்பதும், அதனால் மிஷனுக்கு நேர்ந்ததே சைவத்துக்கும் நேரவிருந்தது என்பதும் அப்போது கவனிக்கப்படவில்லை. 1888இல் சைவபரிபாலன சபையும், 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கமும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இந்துக் கல்லூரி மாணவனும் யாழ்ப்பாணக் கல்லூரி மாணவனும் ஒரே பரீட்சைக்கு ஒரே புத்தகத்தைப் படித்து ஒரே உத்தியோகத்துக்கு மனுச்செய்தனர்.

சாதியைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. மிஷன் சாதியை உடைத்தது என்பதும் உடைக்கவே இல்லை என்பதும் ஒருங்கே மிகைக் கூற்றுக்கள். செமினரியில் வெள்ளாள மாணவரே மிகுந்திருந்தனர். தேவாலயத்து வாங்கிலும் சாதி அமர்ந்திருந்தது. ஆனாலும் வேறெங்கும் எழுத்தறிய வழியற்றிருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் சிலர் மிஷன் பாடசாலைத் திண்ணையிலேயே முதலில் எழுத்தைக் கண்டனர். 1920களின் இறுதியிலே சமஆசனம், சமபோசனம் என்ற கோரிக்கைகள் வலுத்தபோது, எதிர்ப்பும் வலுத்துப் பாடசாலைகள் சில தீக்கிரையாயின. இக்காலத்திலே சமபோசனத்தைத் தன் மாநாடுகளில் நடைமுறையாக்கியது யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய இவ்வியக்கத்தை முன்னின்று நடத்தியவர் யாழ்ப்பாணக் கல்லூரியைச் சேர்ந்த ஹன்டி பேரின்பநாயகம். 1927இல் காந்தியை வரவழைத்ததும், 1931இல் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்ததும் இவர்களே. மதச்சார்பற்ற அரசியல் யாழ்ப்பாணத்தில் முளைத்த பாத்தி மிஷன் கல்லூரி என்பது எம்மைப் போன்றோர் அடிக்கடி மறந்துவிடும் உண்மை.

மூன்றாவது அனுபவம் 1960, 1961ஆம் ஆண்டுகளின் பாடசாலைச் சுவீகாரம். உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. உடுவில் மகளிர் கல்லூரி, யாழ்ப்பாணக் கல்லூரி போன்ற சிலவே தனித்து நின்றன. இடதுசாரிகள் இதனை ஆதரித்தனர். கல்வி பொதுவுடைமையாதல் வேண்டும் என்ற கொள்கையளவில் அவ்வாதரவு சரியென்றே இன்றும் கருதுகிறோம். சைவப் பாடசாலையும் மிஷன் பாடசாலையும் ஒரே சட்டத்தின்கீழ் ஒரே நாளில் அரசாங்கப் பாடசாலைகளாயின. 1974இல் தொடங்கிய பல்கலைக்கழக வளாகம் இதன் உச்சம் எனலாம். மிஷனுக்கு மாற்றாக இராமநாதன் எழுப்பிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில் அதன் தலைமையகம் அமைந்தது. விஞ்ஞான பீடமோ வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதி இருந்த இடத்தில் ஆரம்பமாயிற்று. நூற்றிருபது ஆண்டுப் போட்டியின் இரு கட்டடங்களும் ஒரே அரசாங்க நிறுவனத்துள் அடங்கின.

இவ்விடத்தில் நம்மவரின் கணக்கு ஒன்று பிழைத்தது. இங்கிலாந்திலே திருச்சபையின் பணிகளை ஏற்ற அரசு, குறைபாடுகள் எத்தனை இருப்பினும், தொழிலாளர் போராடிப் பெற்ற நலன்புரி அரசு. இங்கே பணிகளை ஏற்ற அரசு 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய அரசு. 1972இல் ஒரு மதத்துக்கு முதன்மையிடத்தை அரசியலமைப்பில் எழுதிய அரசு. பணி பொதுவாயிற்று, அரசு பொதுவாகவில்லை. அது குண்டுவீசத் தொடங்கியபோது மக்கள் ஓடிய இடம் கோயில் மண்டபமும் தேவாலயமுமே. 1995 யூலை 9ஆம் நாள் நவாலி சென். பீற்றேர்ஸ் தேவாலயத்திலும் அதன் சூழலிலும் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது விமானப்படை குண்டுவீசியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று அங்கிருந்தோர் எல்லோரும் கிறித்தவரல்லர். ஏட்டில் இல்லாத பெயர்களால் அத்தேவாலயம் நிரம்பியிருந்தது. தேவாலயத்தை நிரப்புவது கொள்கையன்று, வேறெங்கும் இடமில்லாமை என்பதற்கு இதனிலும் கொடிய சான்று வேண்டியதில்லை.

இனி ஐரோப்பாவுக்குத் திரும்புவோம். அங்கே திருச்சபையின் நிலையை முதலில் உரத்துப் பேசியோரில் இரு பெயர்கள் எம் நாட்டு வரலாற்றோடு இணைந்தவை. ஒருவர் யாழ்ப்பாணத்தவரான டி. ரி. நைல்ஸ். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதற் பேரவை 1948இல் அம்ஸ்ரர்டாமிற் கூடியபோது தொடக்க வழிபாட்டிற் பிரசங்கித்தோருள் அவர் ஒருவர். இடம் நியூவ கேர்க் என்னும் பழம்பெருந் தேவாலயம். தோம்போடு யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்களின் தலைநகரிலே, அவர்தம் பிரசங்க பீடத்தில், யாழ்ப்பாணத்தான் ஒருவன் ஏறி நின்றான். அக்கட்டடம் இன்று பெரும்பாலும் கண்காட்சி மண்டபமாகப் பயன்படுகின்றது. 1968இல் உப்சாலாவிற் கூடிய பேரவையில், கொலையுண்ட மார்ட்டின் லூதர் கிங்கின் இடத்தில் நின்று தொடக்கப் பிரசங்கம் செய்தவரும் நைல்சே.

மற்றவர் லெஸ்லி நியூபிகின். 1947 செப்ரெம்பர் 27இல் சென்னையிலே தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது அபிஷேகம் பெற்ற பேராயர்களுள் மதுரை-இராமநாதபுரத்துக்கு இவரும், யாழ்ப்பாணத்துக்குச் சபாபதி குலேந்திரனும் இருந்தனர். தமிழ் கற்று, பின்னர் சென்னைப் பேராயராகி, 1974இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய நியூபிகின், பேர்மிங்ஹாமின் வறிய பகுதியொன்றில் ஒரு சிறு சபையைப் பொறுப்பேற்றார். இந்தியக் கிராமத்தில் எதிர்கொண்ட எதிர்ப்பிலும் பார்க்கத் தம் சொந்த நாட்டாரின் குளிர்ந்த அலட்சியமே தாங்கற்கரியது எனக் கண்டார். மேனாடே மிஷனுக்குரிய களம் என்ற கருத்தை 1983 முதல் தொடர்ந்து எழுதிவந்தார்.

நியூபிகினின் நேர்மையை நாம் மதிக்கிறோம். அவர் ஆய்வோ அரைவழியில் நின்றுவிடுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் அறிவொளி இயக்கம் உண்மையைப் பொது உண்மை, தனிப்பட்ட நம்பிக்கை என இரண்டாக்கியது. அப்பிளவே நோயின் வேர் என்கிறார். கருத்துப் பிளந்ததால் வாழ்க்கை பிளந்ததா, வாழ்க்கை பிளந்ததால் கருத்துப் பிளந்ததா? அவர் ஊழியம் செய்த தெருக்களின் கதை இரண்டாவதையே காட்டும். 1970களிலும் 1980களிலும் பேர்மிங்ஹாமின் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வேலையற்ற வெள்ளையரும், கரிபியத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்த தொழிலாளரும் ஒரே தெருவில் வாழ்ந்தனர். கரிபியர் தம் சபைகளையும் பஞ்சாபியர் தம் குருத்துவாராக்களையும் நிரப்பினர். அறிவொளி இயக்கத்தின் காற்று எல்லார்மீதும் ஒரே அளவாகத்தான் வீசியது. அரசு யாரைப் பராமரித்தது, யாரைக் கைவிட்டது என்பதிலேதான் வேறுபாடு. சமயத்தை அபினி என்ற மார்க்ஸ், அதே பந்தியில் அதனை இதயமற்ற உலகின் இதயமாகவும் கண்டார். நம்மவர் பின்னதை மனனம் செய்யவில்லை.

நியூபிகின் எழுதத் தொடங்கிய அதே 1983இல் யூலைப் படுகொலை நிகழ்ந்தது. ஈழத்தமிழர் ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், நோர்வே, டென்மார்க், இங்கிலாந்து என எங்கும் அகதிகளாயினர். அவர்களுட் கத்தோலிக்கர் வெறுமையாகிக் கிடந்த தேவாலயங்களில் தமிழ்ப் பூசை கேட்டுப் பெற்றனர். ஜேர்மனியிலே ஒல்லாந்து எல்லைக்கு அண்மையிலுள்ள கெவலார் என்னும் மாதா தலத்துக்கு ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் ஆயிரக்கணக்கான தமிழர் யாத்திரை செல்கின்றனர். சுவிற்சர்லாந்தின் மரியாஸ்ரைனிலும் இதுவே காட்சி. இவ்யாத்திரிகருட் கணிசமானோர் சைவர். மடுமாதாவிடம் போய்வந்தவர்களுக்கு இது புதிதன்று. மறுபுறம், ஜேர்மனியின் ஹம் நகரத்துக் கைத்தொழிற் பகுதியிலே 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேரோட்டம் ஐரோப்பியத் தமிழரின் பெருவிழாக்களுள் ஒன்றாகிவிட்டது.

மேனாட்டுத் திருச்சபையினர் சிலர் இதனைத் தலைகீழ் மிஷன் என்று வரவேற்கின்றனர். தெற்கிலிருந்து வந்தோர் வடக்கை மீண்டும் கிறித்தவமாக்குவர் என்பது அவர்கள் நம்பிக்கை. இவ்விளக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. கெவலாருக்குச் செல்லும் தமிழ்ப்பெண் ஜேர்மனியரை மதம் மாற்றச் செல்லவில்லை. தஞ்ச மனு நிராகரிக்கப்பட்ட மகனுக்காக, காணாமற்போன தம்பிக்காக, ஓராண்டாகக் காணாத மைத்துனியைக் காண்பதற்காகச் செல்கிறாள். ஜேர்மன் அரசு அவளுக்கு வைத்தியமும் வாடகையும் கொடுத்திருக்கலாம். உறவும் ஊரும் கொடுக்க அதற்கு இயலவில்லை. வதிவிட அனுமதியையும் எளிதிற் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியிலேதான் மாதா நிற்கிறாள். ஐரோப்பியத் திருச்சபைக்கு எதிர்காலம் ஒன்று உண்டாயின் அது இவ்வகை இடைவெளிகளிலேயே உண்டு: அகதி விடுதியில், நாடுகடத்தப்படுவோருக்குத் தேவாலயத்துள் தஞ்சமளிக்கும் ஊர்ச் சபைகளில், முதியோர் தனிமையில் இறக்கும் மாடிவீடுகளில். தன் அறிவாதாரத்தைத் திருத்துவதால் அது வாங்குகளை நிரப்பப் போவதில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இது பொருந்தும். 2009க்குப் பின்னர் மீள்குடியேற்றக் கிராமங்களிலே தகரக் கூரையின்கீழ்ச் சிறு சிறு பெந்தெகொஸ்தே சபைகள் தோன்றியுள்ளன. சைவ அமைப்புக்களும் பழைய திருச்சபைகளும் ஒருமித்து இதனைக் கண்டிக்கின்றன. வெளிநாட்டுப் பணம் என்கின்றன. பணம் இருக்கலாம். 1816இலும் பணம் வெளிநாட்டிலிருந்தே வந்தது. ஆனால் அங்கே போய் அமர்வோர் யாரென்று பார்த்தால், கணவனை இழந்த பெண்களும், நுண்கடனில் அகப்பட்டோரும், ஊர்க்கோயிலின் உள்வீதியில் இன்றும் இடம் மறுக்கப்படும் சாதியினரும் மிகுதி. கண்டன அறிக்கை எழுதுவோர் அவர்களுக்காகத் திறந்துவைத்த வேறு கதவு எது என்று கேட்கும் உரிமை எமக்குண்டு. அதே கேள்வி ஒரு காலத்தில் ஆலயப் பிரவேசத்துக்குப் போராடிய இடதுசாரி இயக்கத்தையும் நோக்கியதே.

கெவலார் யாத்திரையில் இப்போது மூன்றாம் தலைமுறை நடக்கத் தொடங்கிவிட்டது. அப்பிள்ளைகளின் பிறப்பை நகரசபை பதிந்துவிட்டது, பாடம் அரசாங்கப் பள்ளியில், மருந்து காப்புறுதியில், வதிவிட அனுமதி பற்றிய அச்சம் தாயோடும் பேத்தியோடும் முடிந்துபோன கதை. அவர்கள் தம்முள் ஜேர்மன் மொழியிற் பேசிக்கொண்டே மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர். வட்டுக்கோட்டைச் செமினரியில் 1840களிற் படித்த மாணவன் செபவேளையில் எதனை எண்ணிக்கொண்டு நின்றானோ, அதனையே இவர்களும் எண்ணிக்கொண்டு நிற்கக்கூடும்.